சனிக்கிழமை மாத்திரை

உள்ள வாங்க. செருப்பை அங்கேயே விடலாம், யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸ்லேர்ந்துதானே? வாட்ச்மேன் இன்டர்காம்ல சொன்னான், இன்ஸ்பெக்டர் வந்திருக்காங்கன்னு. நான் மீசை வச்ச ஆளை எதிர்பார்த்துட்டேன். நீங்க காலேஜ் பொண்ணு மாதிரி இருக்கீங்க. தப்பா நினைக்காதீங்க. மோர் குடிக்கிறீங்களா? வேண்டாமா? டியூட்டியில மோர்கூடக் குடிக்கக் கூடாதா? சரி.

என் மனு கிடைச்சிருக்குமே. ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன். கவர்மெண்டுக்கு மனு போட்டா ஆள் வராதுன்னு இங்கே குடியிருக்கிற ஃபிரான்சிஸ் சார் சொன்னார். பாருங்க, வந்துட்டீங்க. சாயங்காலம் அவர்கிட்ட சொல்லணும்.

நான் பேசிடுறேன், நீங்க எழுதிக்கோங்க. எனக்குப் பயமெல்லாம் கிடையாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவ நான். கலெக்டர்ல ஆரம்பிச்சுக் கறிக்கடைக்காரர் வரைக்கும் என் காதுல பேசாதவங்க கிடையாது. குரலைக் கேட்டாலே ஆள் பொய் சொல்றாரா, அழப் போறாரா, எல்லாம் எனக்குத் தெரிஞ்சிடும்.

முதல்ல ஒண்ணு எழுதிக்கோங்க. நான் மருந்துக் கடை நடத்தல. நடத்தினேன்னு யாராவது சொன்னா அது பொய். நான் செஞ்சது சேவை.

இந்த அபார்ட்மெண்ட்ல யார் யார் இருக்காங்கன்னு பார்த்திருப்பீங்க. லிஃப்ட்லதானே வந்தீங்க? தைல வாசனை அடிச்சிருக்கும். எல்லாரும் வயசானவங்க. பிள்ளைங்க ஓசூர், பெங்களூர், துபாய்னு போயாச்சு. இவங்க ஃபோனைத் தொட்டாலே பேங்குல இருக்கிற பணம் போயிடும்னு பயப்படுறவங்க. நான் ஒருத்திதான் அந்த மருந்து ஆப்பைப் போட்டுப் பழகினேன். எனக்கு ஒரு பிரஷர் மாத்திரை, அவ்வளவுதான் என் நோய். அதை வாங்கினேன், மறுநாள் வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. அதைப் பார்த்துட்டு எதிர் வீட்டு ரெங்கா, "கோகிலாக்கா, எனக்கும் ஒரு அட்டை சேர்த்துப் போடுங்களேன்"னா. அப்புறம் ஃபிரான்சிஸ் சார். அப்புறம் மூணாவது மாடி மங்களத்தம்மா. அப்புறம் வாட்ச்மேனோட சம்சாரம், அவளுக்கு வலிப்பு. நான் யாருக்கும் இல்லைன்னு சொல்லல.

எல்லாம் என் பேர்லதான். வசந்தகோகிலம், பெண், அறுபத்து மூணு வயசு. ஆளுக்கொரு கணக்கு தொடங்கியிருக்கலாமேன்னு கேட்கிறீங்க. எப்படிங்க? ஆளுக்கொரு கணக்குன்னா ஆளுக்கொரு தடவை அந்தக் கம்பெனி டாக்டர் போன் பண்ணுவார். ஃபிரான்சிஸ் சாருக்குக் காது கேட்காது. மங்களத்தம்மாவுக்கு 'டாக்டர்'ங்கிற சொல் காதுல விழுந்தாலே அழுகை வரும், முழங்கால்ல ஆரம்பிச்சு மருமகள்ல கொண்டுபோய் முடிப்பாங்க. நான்னா ஒழுங்கா பதில் சொல்வேன்.

அந்த டாக்டர் போன் எப்படி இருக்கும் தெரியுமா? "வசந்தகோகிலம் மேடமா?" "ஆமா டாக்டர்." "பழைய மாத்திரைதானே?" "ஆமா டாக்டர்." "வேற தொந்தரவு?" "இல்ல டாக்டர்." "ஓகே மேடம், டேக் கேர்." முடிஞ்சுது. நான் ரசம் தாளிச்சுக்கிட்டே பேசுவேன். கடுகு வெடிச்சு அடங்குறதுக்குள்ள மருந்துச்சீட்டு ஃபோனுக்கு வந்துடும்.

ஆக, அந்தக் கம்பெனி கம்ப்யூட்டர்ல எனக்கு என்னென்ன நோய்னு பாருங்க. பிரஷர், சர்க்கரை, தைராய்டு, வலிப்பு, மூட்டுவாதம். அதோட ஃபிரான்சிஸ் சாரோட புராஸ்டேட். ஆம்பளைங்களுக்கு வயசான காலத்துல வருமே, அது. அந்த மாத்திரையும் நான்தான் சாப்பிடுறேன். சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்லை. ஆனா சொல்லுங்க, ஒரு பொம்பளைக்குப் புராஸ்டேட் மாத்திரையை மாசாமாசம் அனுப்பினது யாரு? நானா? டாக்டர் ஓகேன்னார். கம்பெனிக்காரன் பார்சல் கட்டினான். ஒருத்தனுக்கும் சந்தேகம் வரல. நடுவுல எனக்குத் தங்க வாடிக்கையாளர்னு பட்டம் வேற கொடுத்தாங்க. இத்தனை நோயை வச்சுக்கிட்டு இவ்வளவு நாள் உயிரோட இருக்காளேன்னு கொடுத்திருப்பாங்க போல.

இப்போ ரெங்கா விஷயத்துக்கு வர்றேன். அதுக்குத்தானே மனுவே போட்டேன்.

ரெங்கநாயகி. எதிர்க் கதவு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாச்சு, ஒரே பொண்ணு தீபா, ஓசூர்ல வேலை. ரெங்காவுக்கு மூட்டுவாதம். விரலெல்லாம் இப்படி ஒரு பக்கமா சாஞ்சு போயிருக்கும். மாவு பிசைய முடியாது, துணி பிழிய முடியாது. அவ ஜாக்கெட்டுக்குக் கொக்கி தினமும் நான்தான் போட்டுவிடுவேன். கூடப் பிறந்தவ செய்வாளா? செய்ய மாட்டா. எனக்கு ரெண்டு பேர் கூடப் பிறந்திருக்காங்க, அதனால சொல்றேன்.

டவுன்ல ஒரு பெரிய டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு மாத்திரை எழுதினார். ரெண்டும் குட்டி, ரெண்டும் மஞ்சள். ஒண்ணு மூட்டுவாதத்துக்கு, வீரியமானது, வாரத்துல ஒரே ஒரு நாள். இன்னொண்ணு சத்து மாத்திரை, மத்த நாளைக்கு. "மறக்காத கிழமையா ஒண்ணு சொல்லுங்கம்மா"ன்னார். ரெங்கா யோசிக்கவே இல்ல, சனிக்கிழமைன்னா. பெருமாள் நாள் இல்லையா? அவ பேரை மறந்தாலும் சனிக்கிழமையை மறக்க மாட்டா.

நல்லாத்தான் போச்சு. அட்டையைப் பிதுக்க அவ விரல்ல தெம்பு கிடையாது. அதனால ஏழு குழி வச்ச பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு வாங்கி, வாரத்துக்கு ஒரு தடவை நான் உட்கார்ந்து பிதுக்கி வச்சிடுவேன். பெரிய டாக்டர்கிட்ட மறுபடி போகணும்னு சொல்லியிருந்தார். போகல. எதுக்குப் போகணும்? வெயில்ல ஆட்டோ பிடிச்சு, டோக்கன் வாங்கி, அரை நாள் உட்காரணும். நம்ம ஃபோன் டாக்டர்தான் சீட்டு கொடுக்கிறாரே.

அப்புறம் புரட்டாசி வந்தது. உங்க வீட்டுல சனிக்கிழமை விரதம் பிடிப்பீங்களா? ரெங்கா ரொம்பக் கடுமை. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படாது. தளிகை போட்டு, மாவிளக்கு ஏத்தி, கோவிந்தா போட்டு, அப்புறம்தான் சாப்பாடு. முதல் சனிக்கிழமை நான்தான், மாத்திரைக்குத் தண்ணி குடிச்சா விரதம் கெடாதுன்னு சொல்லிக் கொடுத்தேன். முழுங்கிட்டு மாவிளக்கு முன்னாடி போய் உட்கார்ந்தா. உட்கார்ந்தவ எழுந்து ஓடினா பாருங்க, குளிக்கிற ரூமுக்கு. வாந்தி. வெறும் வயித்துல போட்டா அந்த மாத்திரை குமட்டும். திரும்பி வந்து ஒரே அழுகை. "பெருமாள் முன்னாடி இப்படி ஆயிடுச்சே அக்கா, இனிமே சனிக்கிழமை இதைத் தொடவே மாட்டேன்"னு.

மாத்திரையை நிறுத்தினா விரல் இன்னும் கோணிக்கும். விரதத்தை விடச் சொன்னா அவ கேட்க மாட்டா. நான் என்ன செய்யட்டும்? யோசிச்சேன். ரெண்டும் மஞ்சள் மாத்திரை. ஒண்ணு வீரியம், ஒண்ணு சத்து. விரத நாளைக்கு எதுக்கு வீரியமானது? சத்து மாத்திரை வயித்தை ஒண்ணும் பண்ணாது. அதைச் சனிக்கிழமைக் குழியில போட்டேன். வீரியமானதை மத்த நாள் குழியில எல்லாம் போட்டேன். மாத்தி வச்சேன், அவ்வளவுதான். சனிக்கிழமை விரதமும் கெடல, மருந்தும் நிக்கல.

ரெங்கா கேட்டா, "டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாமாக்கா?"ன்னு. கேட்காம இருப்பேனா? கேட்டேன். ஃபோன் டாக்டர் கூப்பிட்டப்போ, "டாக்டர், எனக்குச் சனிக்கிழமை விரதம், அந்த மஞ்சள் மாத்திரையை மத்த நாள்ல போட்டுக்கிறேன்..."னு ஆரம்பிச்சேன். அவருக்குப் பின்னாடி இன்னொரு ஃபோன் அடிச்சுக்கிட்டே இருந்தது. "போட்டுக்கோங்க மேடம், நோ ப்ராப்ளம், டேக் கேர்"னார். இதையும் எழுதிக்கோங்க. டாக்டர் ஒத்துக்கிட்டார்.

பத்து நாள்ல ரெங்கா என்ன சொன்னா தெரியுமா? "அக்கா, விரல் வலி குறைஞ்ச மாதிரி இருக்கு"ன்னா. நான் சொன்னேன், "எந்த டாக்டருக்குடி இது தோணுச்சு?"ன்னு.

முன்னெல்லாம் ஒரு அட்டை வாங்கினா எப்போ தீரும்னே தெரியாது. இப்போ சீக்கிரம் தீர்ந்தது. தீர்ந்தா என்ன? ஆப்புல 'மறுபடி வாங்கு'ன்னு ஒரு பச்சைப் பட்டன் இருக்கு. அழுத்தினேன். வந்தது. மறுபடி அழுத்தினேன். ரெண்டா வாங்கினா தள்ளுபடின்னான். ரெண்டா வாங்கினேன்.

நடுவுல ரெங்காவுக்கு வாய்ப்புண். புரட்டாசி வெயில் தெரியும்ல, மண்ணெல்லாம் கொதிக்கும். அதோட விரதம் வேற. உடம்புச் சூடு. மணத்தக்காளிக் கீரை ஆய்ஞ்சு தேங்காய்ப்பால் ஊத்திக் கொடுத்தேன். தண்ணி குடிச்சாலே எரியுதுன்னா. இளநீர் வாங்கிக் கொடுத்தேன். தலை வாரினா கொத்தா முடி வருதுன்னா, கறிவேப்பிலை எண்ணெய் காய்ச்சினேன். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொண்ணு செஞ்சேன். எதையும் விடல.

அந்தச் சமயத்துலதான் அந்தப் பொண்ணு ஃபோன் பண்ணினா.

அது டாக்டர் ஃபோன் இல்ல. "வசந்தகோகிலம் மேடம்தானே? நான் ஃபார்மசிஸ்ட் ஜெபஷீலா பேசுதேன்"னா. நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. குரல் நடுங்குது. புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்க ட்ரங்க் கால் போடுறப்போ இப்படித்தான் நடுங்குவாங்க.

"மேடம், உங்க மூட்டுவாத மாத்திரை வாரத்துக்கு ஒண்ணுதான் எடுக்கணும். நீங்க வாங்குற கணக்கைப் பார்த்தா தினமும் எடுக்கிற மாதிரி இருக்கு. தினமும் எடுக்கீங்களா?"

"எனக்கு எப்போ என்ன சாப்பிடணும்னு தெரியும்மா."

"இல்ல மேடம், தினமும் எடுத்தா உயிருக்கே ஆபத்து. வாயில புண் இருக்கா? முடி கொட்டுதா? காய்ச்சல் எதுவும் உண்டா?"

நான் நாக்கால என் வாயைச் சுத்தித் துழாவிப் பார்த்தேன். ஒரு புண் கிடையாது. முடியா? இந்த வயசுல இவ்வளவு முடி யாருக்கு இருக்கு, பாருங்க. "ஒரு கேடும் இல்ல, கல்லு மாதிரி இருக்கேன்"னேன். உள்ளதைத்தானே சொன்னேன்? அடுப்புல கீரை கொதிச்சுக்கிட்டிருந்தது, அதை இறக்கணும்னு எனக்கு அவசரம்.

அவ விடல. "மேடம், தினமும் எடுத்துட்டு ஒண்ணுமே இல்லாம இருக்க முடியாது. நீங்க வேற யாருக்காவது வாங்கிக் கொடுக்கீங்களா? உங்க பேர்ல புராஸ்டேட் மாத்திரைகூட இருக்கு. உங்களுக்கு எப்படி மேடம் புராஸ்டேட்?"

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். "ஏண்டி, உங்க டாக்டருக்கே வராத சந்தேகம் உனக்கு எப்படி வந்துச்சு? அவர் படிச்சவரா, நீ படிச்சவளா? இத்தனை மாசம் அனுப்பினப்போ நீ எங்க போயிருந்தே?"ன்னேன். "நான் போன வாரம்தான் இந்த செக்‌ஷனுக்கு வந்தேன் மேடம்"னா. அழுறாளோன்னு நினைச்சேன். அழல. "யாருக்கு வாங்குறீங்களோ அவங்ககிட்ட என்னைப் பேச வைங்க. இல்லன்னா நான் இதை அனுப்ப மாட்டேன்"னா.

நோயாளி நான்தான்னேன். வச்சுட்டேன்.

வேற என்ன சொல்லச் சொல்றீங்க? வேற ஆளுக்குன்னு சொன்னா கணக்கையே மூடிடுவாங்க. ஃபிரான்சிஸ் சாருக்கு யார் வாங்கித் தருவா? வாட்ச்மேன் சம்சாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை தவறினா வலிப்பு வந்துடும். ஒருத்திக்காக எல்லாரையும் விட முடியுமா?

மறுநாள் ஆப்பைத் திறந்தா கணக்கு முடக்கம். விட்டேனா? புகார் போட்டேன். ஒரு ஸ்டார் போட்டேன். 'உங்க ஊழியர் மூத்த குடிமகளை அவமானப்படுத்தினார்'னு எழுதினேன். அரை மணி நேரத்துல ஒரு மேனேஜர் கூப்பிட்டான். குரல்லயே வெண்ணெய் வழியுது. "சாரி மேடம், அந்தப் பொண்ணு மேல நடவடிக்கை எடுக்கிறோம் மேடம், எங்க தங்க வாடிக்கையாளர் நீங்க"ன்னான். எனக்கு என்ன நோய்னு அவன் ஒரு வார்த்தை கேட்கல. கணக்கைத் திறந்துவிட்டான்.

அன்னைக்கே இன்னொரு ஃபோன், தெரியாத நம்பர். அவதான். சொந்த ஃபோன்ல கூப்பிடுறா. "மேடம், நான் கம்பெனியிலேர்ந்து பேசல. யாரு சாப்பிடுறாங்களோ அவங்ககிட்ட இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. என்னைத் திட்டுங்க, பரவாயில்ல, இதை மட்டும் சொல்லிடுங்க"ன்னா. நான் ஃபோனை வச்சுட்டேன். ரெங்கா அப்போ இதே சோபாவுலதான் உட்கார்ந்திருந்தா, உதட்டுல நெய் தடவிக்கிட்டு. "யாருக்கா?"ன்னு கேட்டா. "விளம்பரம்"னேன்.

ரெண்டு நாள் கழிச்சுப் பார்சல் வந்தது. பிரிச்சுப் பார்த்தா எல்லாம் இருக்கு, புராஸ்டேட்கூட இருக்கு, ரெங்காவோட மாத்திரை மட்டும் இல்ல. மேனேஜர் அனுப்பச் சொன்னதை இவ எடுத்துட்டா! எப்படிப்பட்ட நெஞ்சழுத்தம் பாருங்க. கம்பெனிக்கு ஃபோன் போட்டா பாட்டுதான் பாடுது. தெருமுனை மருந்துக் கடையில கேட்டா சீட்டுல இருக்கிற ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னான். சீட்டுல இருக்கிற ஆள் நான்தான்டான்னு சொல்லியும், அவன் நேரா இருக்கிற என் விரலைப் பார்த்துட்டுச் சிரிக்கிறான். ஆக ரெங்காவுக்கு மாத்திரை நின்னு போச்சு.

நின்ன நாலாம் நாள் காய்ச்சல். உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. கக்கூஸுக்குப் போனவ வாசல்படியிலேயே சரிஞ்சுட்டா. நானும் ஃபிரான்சிஸ் சாரும்தான் ஆம்புலன்ஸுல ஏத்தினோம்.

மாத்திரையை நிறுத்தினவங்க மேலதான் என் மனுவே. மாத்திரை சாப்பிட்ட வரைக்கும் அவ நடமாடினா. நிறுத்தின நாலாம் நாள் விழுந்தா. கண்ணால பார்த்தவ நான்.

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன டாக்டர் என்னென்ன மாத்திரைன்னு கேட்டார். டப்பாவைக் காட்டி நானே விவரமாச் சொன்னேன். சனிக்கிழமை இது, மத்த நாள் அதுன்னு. அவர் முகம் போன போக்கைப் பார்க்கணும். "யார் சொன்னது இப்படிப் போடச் சொல்லி?"ன்னார். கத்தவெல்லாம் இல்ல, மெதுவாத்தான் கேட்டார். "விரதம் டாக்டர்"னேன். அவர் நர்ஸைக் கூப்பிட்டு அந்த மாத்திரையை முறிக்கிற ஏதோ ஒரு ஊசி பேரைச் சொல்லி, உடனே உடனேன்னு விரட்டினார். ரத்தத்துல வெள்ளை அணுவே இல்லையாம். யாரையும் உள்ள விடலை. என்னைக்கூட! நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னேன். ஜாக்கெட்டைக் கழட்டி ஆஸ்பத்திரி அங்கி போட்டுவிட்டிருந்தாங்க. முடியெல்லாம் தலையணை மேல.

ஓசூர்லேர்ந்து தீபா வந்தா. வந்ததும் வராததுமா, "பெரியம்மா, உங்களை யாரு டாக்டர் ஆக்கினது?"ன்னு கேட்டா, அத்தனை பேர் முன்னாடி. நான் விடுவேனா? "நீ ஓசூர்ல உட்கார்ந்து வீடியோவுல 'சாப்டியாம்மா'ன்னு கேட்டே. உங்கம்மா சாப்பிட்டாளா, வெளிக்குப் போனாளா, தூங்கினாளான்னு எனக்குத்தான் தெரியும்"னேன். "தெரிஞ்சுதான் வாய்ப்புண்ணுக்குக் கீரை கொடுத்தீங்களா?"ன்னா. இந்தக் காலத்துப் பிள்ளைங்க வாய். அந்த டாக்டர் அவகிட்ட, "இன்னும் ஒரு அட்டை போயிருந்தா நாம இப்படி நின்னு பேசிட்டிருக்க மாட்டோம்"னு சொன்னார். டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. பில்லு போடணும்ல.

பிழைச்சுக்கிட்டா. அது பெருமாள் புண்ணியம். வீட்டுக்கு வந்தும் ஒரு வாரம் ஆச்சு. நான் இடியாப்பம் எடுத்துட்டுப் போனேன். தீபா கதவைப் பாதி திறந்து வாங்கிக்கிட்டா. உள்ளேயிருந்து ரெங்கா குரல் வந்தது. "அக்கா, அன்னைக்கு விளம்பரம்னீங்களே, அந்த ஃபோன்ல என்ன சொன்னாங்க?"ன்னு. நான் இடியாப்பம் ஆறிடப் போகுதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

சரி, என்ன கேட்டீங்க? அந்த மாத்திரை வாரத்துக்கு ஒண்ணுன்னு கம்பெனியிலேர்ந்து யாராவது என்கிட்ட சொன்னாங்களா?

யாரும் சொல்லல. நல்லா எழுதுங்க. அட்டையில எறும்பு மாதிரி இங்கிலீஷ்ல இருக்கு, அதைக் கண்ணாடி போட்டும் படிக்க முடியாது. தமிழ்ல பெரிசாப் போட்டா என்ன குறைஞ்சா போயிடும்? பார்சல்ல ஒரு துண்டுச் சீட்டு வைக்கலாம்ல? விலையில எவ்வளவு மிச்சம்னு மட்டும் பெரிய எழுத்துல வைக்கத் தெரியுது. டாக்டர்னு ஒருத்தர் பேசினா, நான் சொல்றதை முடிக்கிற வரைக்கும் கேட்கணும்ல? கேட்டிருந்தா அவரே தடுத்திருப்பார். மேனேஜர் தடுக்கல. பச்சைப் பட்டன் தடுக்கல. ஒருத்தரும் சொல்லல.

ம். அவ சொன்னா. அந்தப் பொண்ணு.

சரி, அவ ஒருத்தி சொன்னா. எழுதிக்கோங்க. ரெண்டு தடவை சொன்னா. ஆனா என்ன தோரணையில சொன்னா? பெரியவங்ககிட்ட பேசுற மாதிரியா பேசினா? புராஸ்டேட்னு ஒரு பொம்பளைகிட்ட கேட்கிறதா?

என்னது? வேலையை விட்டு எடுத்துட்டாங்களா? எப்போ? அந்த அட்டையைப் பார்சல்லேர்ந்து எடுத்ததுக்கா?

அதுக்கு நான் என்ன செய்யட்டும்? நான் ஒரு ஸ்டார்தான் போட்டேன். உலகத்துல எல்லாரும் போடுறாங்க. நேத்து ஒரு ஹோட்டலுக்கு, சாம்பார் தண்ணியா இருந்ததுன்னு போட்டேன். ஒரு ஸ்டாருக்கு ஒரு பொண்ணை வேலையை விட்டு அனுப்புறவன் மேல கேஸ் போடுங்க. அந்த வெண்ணெய்க் குரல்காரன் மேல போடுங்க. நான் வந்து சாட்சி சொல்றேன். எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் வர்றேன்.

என் மனு இன்னும் உங்க கைக்கே வரலையா? அப்போ நீங்க எதுக்கு வந்தீங்க?

அந்தப் பொண்ணோட மனுவா?

அவ உங்களுக்கு எழுதியிருக்காளா, கம்பெனி மேல? வேலை போனப்புறமா? முன்னாடியே எழுதிட்டாளா. அதுல என் பேர் இருக்கா? என்ன போட்டிருக்கா என்னைப் பத்தி? 'பெயர் தெரியாத நோயாளி ஒருவர் இந்தப் பெண்மணியின் பொறுப்பில் இருக்கிறார், அவரைத் தேடிக் கண்டுபிடிக்கவும்'னா? அவ்வளவுதானா? நான் திட்டினது இல்லையா? ஏண்டின்னு கேட்டது இல்லையா?

ரெங்காவைத் தேடி வந்திருக்கீங்க. அப்படிச் சொல்லுங்க.

அவ உயிரோட இருக்கான்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா? தெரியாதா. நீங்க சொல்லிடுங்க. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். ஆபீஸ்லேர்ந்து சொல்ற மாதிரி சொல்லிடுங்க.

பாருங்கம்மா, நான் ஒண்ணும் ஓடி ஒளியறவ இல்ல. சத்தமாவே சொல்றேன், எழுதிக்கோங்க. அந்த டப்பாவுல மாத்திரையைப் பிதுக்கி வச்சவ நான். சனிக்கிழமையை மாத்தினவ நான். வாயில புண் இல்லைன்னு சொன்னதும் நான்தான். எனக்கு இல்லைன்னுதான் சொன்னேன், பொய் சொல்லல. எந்தக் கேள்விக்கும் யாருக்கும் பதில் சொல்ல எனக்குத் தெரியும். இத்தனை வருஷமா இந்த அபார்ட்மெண்ட்ல எல்லாருக்கும் பதில் சொன்னவ நான்தான். இனிமேலும் சொல்வேன். வாட்ச்மேன் சம்சாரத்துக்கு நாளைக்கு மாத்திரை தீருது. அதுக்கு உங்க கவர்மெண்ட் என்ன வழி வச்சிருக்கு? அதைச் சொல்லுங்க முதல்ல.

எழுந்துட்டீங்க. எதிர் வீட்டுக்கா? நானும் வர்றேன், இருங்க. அவளால நீளமாப் பேச முடியாது, வாய் இன்னும் ஆறல. கேள்வியை என்கிட்ட கேளுங்க, அவளுக்காக நான் சொல்லிடுறேன்.

தனியாவா? தனியாத்தான் கேட்கணுமா?

தீபா சொன்னாளா, இல்ல சட்டமா? சட்டம்னா சரி. சட்டத்துக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன், கதவைத் திறந்து வச்சுக்கிட்டு.

போய் மணியை அடிக்காதீங்க, அவளுக்குத் தூக்கிப் போடும். மெதுவாத் தட்டுங்க. நீங்க என்னைப் பத்திக் கேட்பீங்க. "கோகிலாக்கா என் நல்லதுக்குத்தான் செஞ்சாங்க"ன்னு சொல்வா. அதை முதல்ல எழுதுங்க. அதுக்கப்புறம் அவ என்ன சொன்னாலும், ஒரு வார்த்தை விடாம, அதையும் எழுதுங்க.